அரைப்பேரும் திறக்காத ஃபைலும்

தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, வீட்டில் வைத்த பெயர். இன்னொன்று, ஒரு நாள் வேலை. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். "காலையில இருந்து மழை, இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று அந்தி நேரம் அம்மா கூடையை இறக்கி வைத்துக்கொண்டே சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். செக்ரோலில் பெயருக்கு நேரே விழுகிற அடையாளத்துக்கே 'பேர்' என்று பேர் வந்துவிட்டது. அதனால் பாதி நாள் வேலைக்குப் பாதிப் பேர்.

இந்தச் சொல்லைப் பற்றி நாங்கள் உட்கார்ந்து யோசித்தது, எங்களுடைய ஒரு ஃபைல் திறக்காமல் போன பிறகுதான்.

2023இல் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருசம் என்று எல்லா இடத்திலும் பேசினார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனியும் போனது. கூட்டம், கண்காட்சி, மலர் எல்லாம் வந்தது. எங்களுக்கு ஒரு சின்னக் கேள்வி இருந்தது: நம்ம தோட்டத்தில் யார் யார் இருந்தாங்க? பெயர் சொல்ல முடியுமா? கலைப்பீடத்தில் படிக்கிற ஊவாப் பிள்ளைகள் நாங்கள் சிலர் சேர்ந்தோம். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பசறை, லுணுகலை, ஹாலி-எல, ஹல்துமுல்ல என்று அவரவர் தோட்டத்தில் பெயர் சேர்க்கத் தொடங்கினோம்.

கிடைத்ததெல்லாம் வீட்டுக் காகிதம்தான். மரண உதவிச் சங்கத்துக் கொப்பி, அம்மன் திருவிழா வரிக் கொப்பி, மடிப்பில் கிழிந்த பிறப்புச் சான்றிதழ், இந்தியாவுக்குப் போனவர்கள் அனுப்பிய கடித உறை. அதையெல்லாம் ஒரு எக்ஸெல் ஃபைலில் ஏற்றினோம். பெயர், தகப்பன் பெயர், டிவிசன், லயம், பிறந்த வருசம், தோட்டத்தை விட்டுப் போயிருந்தால் போன வருசம். ஆயிரம் வரியைத் தாண்டியது.

கடைசியாகச் சேர்த்த வரிகள் ஒரு தாத்தா சொன்னவை. அவரிடம் கொப்பி கிடையாது. இடித்துவிட்ட பழைய லயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காம்பரா காம்பராவாகச் சொல்லிக்கொண்டே போவார். "முதல் காம்பராவுல இன்னார், அவங்க சம்சாரம் இன்னார், மூணு பிள்ளை, எழுபத்தி நாலுல கப்பல் ஏறுனாங்க." ஃபோனில் ரெக்கோர்ட் பண்ணலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல டைப் பண்ணினோம். இரண்டு மாதம் கழித்து அவர் இறந்துபோனார்.

அதற்கு அடுத்த வாரம் ஃபைல் போனது. இரவல் லேப்டொப்பில் வேலை செய்து பென் டிரைவுக்கு மாற்றினோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மாற்றி முடியுமுன் பென் டிரைவை இழுத்துவிட்டோம். லேப்டொப் உரியவரிடம் திரும்பிப் போய், அவர் அதைச் சுத்தமாகத் துடைத்து விண்டோஸை மறுபடி போட்டுவிட்டார். பென் டிரைவில் இருந்த ஃபைலைத் திறந்தால், இந்த ஃபைலின் வடிவம் செல்லாது என்று ஒரே பதில். தப்பு எங்களுடையதுதான். ஒரே ஒரு கொப்பி வைத்திருந்தோம்.

எக்ஸெலிலேயே 'ஓபன் அண்ட் ரிப்பேர்' என்று ஒரு வழி இருக்கு. அது கைவிரித்தது. லிப்ரே ஆபிஸில் போட்டுப் பார்த்தோம், அதுவும் இல்லை. பிறகு கம்பியூட்டர் படிக்கிற ஒரு நண்பர் சொன்ன முதல் வார்த்தை: "அதைத் தொடாதீங்க. முதல்ல அப்படியே இன்னொரு கொப்பி எடுங்க. வேலை எல்லாம் கொப்பியிலதான்." இரண்டாவதாக ஃபைலின் அளவைப் பார்த்தார். சில நேரம் அளவு சரியாக இருக்கும், உள்ளே எல்லாம் வெறும் பூச்சியமாக இருக்கும். அப்படியென்றால் அந்த ஃபைலுக்குள் மீட்க ஒன்றுமில்லை. எங்களுடையது அப்படி இல்லை. முதல் இரண்டு எழுத்து பி, கே என்று இருந்தது. நண்பர் சிரித்தார்.

அந்த இரண்டு எழுத்தும் ஒரு மனிதனின் பெயர். ஃபில் கட்ஸ் என்ற அமெரிக்கர் 1989இல் ஜிப் முறையை வெளியிட்டார். அவருடைய முதலெழுத்துகள்தான் ஒவ்வொரு ஜிப் ஃபைலின் தொடக்கத்திலும் இன்றுவரை இருக்கின்றன. எக்ஸெல் 2007இலிருந்து வருகிற ஃபைல்கள் உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டைதான். மூட்டைக்குள் பல சின்னச் சின்ன ஃபைல்கள். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கம் மூட்டையின் கடைசியில் இருக்கும். எங்கள் ஃபைல் பாதியில் அறுந்ததால் அந்தக் கடைசிப் பக்கம் இல்லை. பொருளடக்கம் இல்லை என்பதால் எக்ஸெல் புத்தகமே இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் ஒவ்வொரு சின்ன ஃபைலின் தலையிலும் தனியாக ஒரு அடையாளம் உண்டு. அந்த அடையாளங்களைத் தேடிப் பிடித்துப் பொருளடக்கத்தைத் திரும்பக் கட்டுகிற இலவசக் கருவிகள் இருக்கின்றன. 7-ஜிப்பும் அறுந்த மூட்டையிலிருந்து முடிந்தவரை எடுத்துத் தரும்.

எடுத்தோம். அட்டவணை வந்தது. வரிசை, கட்டம், வருசம் எல்லாம் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய கட்டங்களில் மட்டும் எண். 214. 87. 1187.

எக்ஸெல் எழுத்தைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு சொல் முதல் தடவை வரும்போது அதைத் தனியாக ஒரு பட்டியலில் எழுதி ஒரு எண் கொடுத்துவிடும். பிறகு அந்தச் சொல் வருகிற கட்டங்களிலெல்லாம் எண்ணை மட்டும் போடும். அந்தச் சொற்பட்டியல் மூட்டையில் அட்டவணைக்குப் பின்னால் வருகிறது. எங்கள் ஃபைல் அந்தப் பட்டியலின் நடுவில் அறுந்திருந்தது. வருசத்துக்கும் கணக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெயர்கள் போயிருந்தன.

அந்தத் திரையைப் பார்த்தபோது எங்களில் ஒருத்தி சொன்னாள்: "இது செக்ரோல் மாதிரியே இருக்கு."

உண்மையில் செக்ரோலும் ஒரு ஸ்பிரெட்ஷீட்தான். இடப்பக்கம் எண்ணும் பெயரும், மேலே மாதத்தின் தேதிகள், கட்டத்துக்குள் பேர், அரைப்பேர். கடைசியில் கூட்டல், கைகாசு, கழிவு. பர்சனல் கம்பியூட்டரில் ஸ்பிரெட்ஷீட் வந்தது 1979இல். டான் பிரிக்லினும் பொப் ஃப்ராங்க்ஸ்டனும் செய்த விசிகால்க். பிரிக்லின் அப்போது ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்தவர். கணக்குப் பேரேட்டில் ஒரு எண்ணை மாற்றினால் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்த தொல்லையைத்தான் அவர் தீர்த்தார். ஆளை வரிசையிலும் நாளைக் கட்டத்திலும் போடுகிற வேலையை ஊவாத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார் அதற்கு எத்தனையோ காலம் முன்பே செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்கும் முன்னால் போனால் வேறு காகிதங்கள் வரும். முதலில் துண்டு. கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் கடனாக நிற்கும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டம் ஆளை எடுக்காது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். பிறகு தகர டிக்கெட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சின்னத் தகர வில்லை ஒன்று கொடுத்தார்கள். அதில் தோட்டத்தின் எண், ஆளின் எண். வில்லையில் எந்தத் தோட்டத்தின் எண்ணோ அந்தத் தோட்டத்தின் கணக்கில் வழிச்செலவு விழும். பெயர் அதில் தேவைப்படவில்லை.

வந்தவரின் பெயர் வேறெங்காவது எழுதப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் கங்காணி கையில், துரை கையில், ஆபிஸ் அலுமாரியில். பேருக்கு உரியவர் கையில் கொப்பி இல்லை. அவருக்கு எழுதப் படிக்கவும் பெரும்பாலும் தெரியாது. தோட்டத்தில் பிறக்கிற பிள்ளையின் பிறப்பைப் பதிவுக்கு அனுப்புவதும் தோட்ட நிர்வாகத்தின் வேலையாகவே இருந்தது. எழுதினால் உண்டு, விட்டால் இல்லை.

இதெல்லாம் வெறும் ஆபிஸ் விசயமாக இருந்தவரை யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1948இல் அது வாழ்க்கைப் பிரச்சினையானது.

அந்த வருசத்து 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பரம்பரையைக் கேட்டது. நீ இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, உன் அப்பா இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. அடுத்த வருசம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கான 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது வேறு மாதிரிக் கேட்டது. 1946 ஜனவரி 1க்கு முன்னால், கல்யாணம் முடித்தவர் என்றால் 7 வருசம், முடிக்காதவர் என்றால் 10 வருசம் விடாமல் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5.

எதை வைத்து நிரூபிப்பது? பிறப்புச் சான்றிதழ் இல்லை. வாடகைச் சீட்டு இல்லை, லயத்துக்கு யார் வாடகைச் சீட்டு கொடுத்தது? மிஞ்சியது தோட்டத்துப் பதிவுகள். செக்ரோலில் பேர் விழுந்திருந்தால் அந்த மாதம் நீ இங்கே இருந்தாய். இடையில் ஊருக்குப் போய் நாள் கழித்து வந்திருந்தால் அந்த இடைவெளி கேள்வியாகும். ஒரு பதிவில் முத்துசாமி, இன்னொன்றில் முத்து என்று இருந்தால் அதுவும் கேள்வி. கூலி கொடுக்க எழுதிய கணக்கு, நாட்டில் இருக்கத் தகுதி உண்டா என்று பார்க்கும் சாட்சியாக மாறிவிட்டது.

ஏறக்குறைய 237,000 விண்ணப்பங்கள் போயின. குடும்பமாகப் பார்த்தால் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. 1947 தேர்தலில் வாக்குப் போட்டுப் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு 1952 தேர்தலில் வாக்காளர் இடாப்பில் பேர் இல்லை.

1964 ஒக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்கள் சரியாகக் கூட்டல் வருகின்றன, பாருங்க. எங்கள் ஃபைலில் மீந்த கட்டங்களும் அப்படித்தான் சரியாகக் கூட்டல் வந்தன. தாத்தா சொன்ன "எழுபத்தி நாலுல கப்பல் ஏறுனாங்க" அந்த 525,000க்குள் எங்கோ இருக்கு.

அதற்குப் பிறகும் காகிதம் அழிந்துகொண்டே இருந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குக் கைமாறின, 1992இல் திரும்பக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. 1983 ஜூலையில் பதுளை டவுன் எரிந்தபோது கடையும் வீடும் எரிந்தன. வீட்டோடு சேர்ந்து சான்றிதழும் படமும்தான் எரியும். 2003இல்தான் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய பிள்ளைகளும் பிரஜைகள் என்று ஏற்றது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருசம்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க எங்களால் முடியவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே மீரியபெத்த இருக்கு.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். டீவியில் பார்த்தது ஞாபகம் இருக்கு. முதல் நாள் செய்திகளில் காணாமல் போனவர்கள் நூறு, இருநூறு, முன்னூறு என்று எண் ஏறியும் இறங்கியும் வந்தது. யார் வேலைக்குப் போயிருந்தார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தது, யார் கொழும்பில் வேலை செய்கிறார் என்று ஒவ்வொருவராகச் சரிபார்க்கச் சரிபார்க்க எண்ணிக்கை முதலில் சொன்னதைவிட மிகவும் குறைந்தது. எத்தனை பேர் என்பதே உடனே சொல்ல முடியாத கேள்வியாக இருந்தது. அந்த லயங்களில் அன்று காலை யார் இருந்தார்கள் என்ற பட்டியல் மண்ணுக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கவில்லை.

காசும் கம்பியூட்டரும் உள்ள நாட்டிலும் இது நடக்கும். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் கொரோனா தொற்றியவர்களின் பட்டியலை எக்ஸெலின் பழைய வடிவத்தில் சேர்த்தார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான். அதற்கு மேல் வந்ததெல்லாம் சத்தமில்லாமல் விழுந்துபோனது. 15,841 தொற்றுகள் சில நாள் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களுக்கும் உரிய நேரத்தில் தகவல் போகவில்லை. ஃபைல் நன்றாகத் திறந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்களுடையது திறக்காமல் போனது ஒரு விதத்தில் நல்லது என்று பிறகு நினைத்தோம். குறைந்தபட்சம் போச்சு என்று தெரிந்தது.

சரி, எங்கள் எண்களுக்கு வருவோம்.

சொற்பட்டியலில் முதல் பாதி தப்பியிருந்தது. முதலில் வந்த சொல்லுக்கு முதல் எண் என்பதால், ஆரம்பத்தில் ஏற்றிய பெயர்கள் எல்லாம் கிடைத்தன. அதோடு ஒரு எதிர்பாராத லாபம். தாத்தா சொன்ன வரிகள் கடைசியில்தான் இருந்தன. ஆனால் அவர் சொன்ன ராமாயி, மாரிமுத்து, மீனாட்சி எல்லாம் முன்னமே வேறு தோட்டத்து வரிகளில் வந்துவிட்ட பெயர்கள். அவற்றுக்குச் சின்ன எண்தான். அவை பிழைத்தன. வேறு யாருக்கும் இல்லாத, அவர் மட்டும் சொன்ன அபூர்வமான பெயர்கள்தான் அறுந்த பக்கம் போயின.

இரண்டாவது, ஒரே எண் என்றால் ஒரே பெயர். ஒரு எண்ணுக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டால் அந்த எண் உள்ள எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். கொப்பிகளின் படங்கள் ஃபோன்களில் கிடந்தன. மார்ச் மாதம் வட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய ஃபைல் ஒன்றும் கிடைத்தது. அதையெல்லாம் வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான எண்களைப் பெயராக்கினோம். கடைசியில் மிஞ்சியவை ஐம்பதுக்குக் குறைவு. எல்லாம் தாத்தாவின் லயம்.

மிஞ்சியவற்றை அச்சடித்து எடுத்துக்கொண்டு அவர் மகளிடம் போனோம். பெயர்க் கட்டத்தில் எண். பக்கத்தில் தகப்பன், காம்பரா, வருசம். 1187 என்ற எண் மூன்று இடத்தில் இருந்தது. ஒரு வயதானவர், வேறு காம்பராவில் ஒரு குழந்தை, அதே குடும்பத்தில் பிறகு பிறந்த இன்னொரு குழந்தை. அந்த அக்கா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தப் பொடிசு பொறந்த வருசம் எங்க சித்தப்பா வீட்டுல பொறந்ததுதான். அதுக்கு எங்க அப்பாயி பேருதான் வச்சாங்க. அது காச்சல்ல போயிருச்சு. அடுத்ததுக்கும் அதே பேர வச்சாங்க" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பெயரைச் சொன்னார். மூன்று கட்டமும் நிரம்பின.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது அவங்க வீட்டுப் பெயர். ஃபைலை மற்றவர்களுக்குக் காட்டுவதா, எதை மறைப்பது என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நமக்குத் தெரியாமல் நம்மைப் பற்றி எழுதிய பட்டியல்கள் போதும். நாங்களும் அதையே செய்யக் கூடாது.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். ஃபைல் மூன்று இடத்தில்: ஒரு லேப்டொப்பில், ஒரு பென் டிரைவில், இணையத்தில். மாதம் ஒருமுறை அச்சடித்த தாள் ஒன்று, ஏனென்றால் தாளுக்குக் கரண்ட் வேண்டாம். பெயர்களை வெறும் எழுத்து ஃபைலாகவும் சேமிக்கிறோம், அது பாதியில் அறுந்தாலும் மீதியைக் கண்ணால் வாசிக்கலாம். எந்தக் கொப்பியாக இருந்தாலும் முதலில் படம், பிறகுதான் டைப். பென் டிரைவை யாரும் அவசரத்தில் இழுப்பதில்லை. முக்கியமாக, எந்தத் தோட்டத்தின் பட்டியலோ அதன் ஒரு கொப்பி அந்தத் தோட்டத்து மக்களிடமே இருக்க வேண்டும். மரண உதவிச் சங்கமோ வாசிகசாலையோ கோயிலோ, எங்கே பூட்டுப் போட்ட பெட்டி இருக்கிறதோ அங்கே.

இதை வாசிக்கிற நீங்க தோட்டத்துப் பிள்ளை என்றால், அடுத்த லீவில் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்க. துண்டு, தகரம், பழைய பாஸ்போட், வரிக் கொப்பி எது இருந்தாலும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்க. வீட்டில் வயசான ஆள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து லயத்தைக் காம்பரா காம்பராவாகச் சொல்லச் சொல்லுங்க. எழுதியதை அன்றைக்கே இன்னொருவருக்கு அனுப்புங்க.

எங்கள் ஃபைலில் இன்னும் முப்பத்தொரு எண் பெயராகாமல் நிற்கிறது. அந்தக் கட்டங்களை நாங்கள் அழிக்கவில்லை. 1204க்கு மடுல்சீமைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் இருக்கிறாராம். தீபாவளி லீவில் போய்ப் பார்க்கப் போகிறோம்.